வளைவில் பாதியாகும் வலிமை

துருப்பிடிக்காது, இரும்பைவிட இரண்டு மடங்கு வலிமை, எடையோ ஏறத்தாழ கால் பங்குதான்: கண்ணாடி இழைக் கம்பியின் விளம்பரங்கள் இந்த மூன்றையும் கொட்டை எழுத்தில் சொல்கின்றன. அப்படியானால் வீட்டுத் தரைத்தொட்டிக்கு இதையே போடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். கம்பி நேராக இருக்கும்வரை மூன்றும் உண்மைதான். ஆனால் தொட்டிக்கு நான்கு மூலைகள் இருக்கின்றன. சுவரும் சுவரும் சேரும் இடத்தில் கம்பி வளைந்தாக வேண்டும். விளம்பரம் பேசாத கணக்கு அங்கேதான் இருக்கிறது.

தொட்டி நிரம்பும்போது தண்ணீர் சுவர்களை வெளியே தள்ளுகிறது. மூலை விரியப் பார்க்கிறது. அங்கே சுவரின் உள்முகம் இழுபடுகிறது, வெளிமுகம் அமுங்குகிறது. இரு சுவர்களின் அமுக்கமும் மூலையில் திசை திரும்பும்போது மூலைத் துண்டையே பிய்த்து வெளியே தள்ளும். தடுப்பதற்குக் கான்கிரீட்டின் இழுவலிமைதான் இருக்கிறது. அது அதன் அமுக்க வலிமையில் சுமார் பத்தில் ஒரு பங்கு. சுவர் தாங்கும்போதே மூலை உடைவது இப்படித்தான். எஃகுக் கம்பியிலும் இது நடக்கும்: கம்பியைத் தவறாக அமைத்தால் விரியும் மூலை சுவரின் வலிமையில் பாதியைக்கூட எட்டாது என்பதை 1970களிலேயே ஸ்வீடனில் நில்சன் என்ற ஆய்வாளரின் சோதனைகள் காட்டிவிட்டன. தொட்டி காலியானால் வெளியிலுள்ள மண் அழுத்த, மூலை மூடப் பார்க்கும். அப்போது வெளிமுகக் கம்பி மூலையைச் சுற்றி இழுபட்டு, தன் வளைவால் கான்கிரீட்டை நெருக்கும். ஒரே மூலைக்கு இரண்டு சோதனையும் உண்டு. இரண்டிலும் கம்பியின் வளைவும் விசையைத் தாங்க வேண்டும்.

அந்த வளைவுக்குள் நடப்பதுதான் இந்தப் பொருளின் மிக அழகான பாடம். தென்னை ஈர்க்குகளைப் பசையில் தோய்த்து இறுகக் கட்டிய விளக்குமாறு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இரு முனையையும் பிடித்து இழுத்தால் எல்லா ஈர்க்கும் சேர்ந்து தாங்கும். பசை காயும் முன் அதை வளைத்தால், உள்வளைவில் உள்ள ஈர்க்குகளுக்குப் பாதை குறுகிவிடுகிறது. மிச்ச நீளத்துக்கு இடமில்லாமல் அவை நெளிந்து சுருங்குகின்றன. காய்ந்தபின் இழுத்தால் விறைப்பாக நிற்கும் வெளி ஈர்க்குகள் முதலில் சுமை ஏற்கும். நெளிந்தவை நிமிர்ந்த பிறகே உதவிக்கு வரும், அதற்குள் வெளியே உள்ளவை அறத் தொடங்கிவிடும். ஓர் ஆணியைச் சுற்றி இழுத்தால் இன்னும் மோசம். ஆணி பக்கவாட்டில் நசுக்கும், ஈர்க்குக்கும் ஈர்க்குக்கும் நடுவே பசை விட்டுவிடும். இங்கே ஈர்க்கு கண்ணாடி இழை, பசை ரெசின், ஆணி வளைவுக்குள் சிக்கிய கான்கிரீட். எஃகுக்கு இந்தத் தொல்லை இல்லை, எந்தத் திசையிலும் அது ஒரே எஃகு.

அமெரிக்க கான்கிரீட் நிறுவனத்தின் சூத்திரம் இதை எண்ணில் சொல்கிறது. வளைவின் ஆரம் கம்பி விட்டத்தைப் போல மூன்று மடங்கு என்றால், நேர்க்கம்பி வலிமையில் 45 விழுக்காடு மட்டுமே வளைவுக்கு மிஞ்சும். 900 மெகாபாஸ்கல் தாங்கும் கம்பி வளைவில் 405 மட்டுமே தாங்கும். நம் கடைகளில் கிடைக்கும் 500 ரக டிஎம்டி கம்பி நெகிழத் தொடங்குவதே 500 மெகாபாஸ்கலில்தான். 'இரண்டு மடங்கு' மூலைக்கு வந்ததும் இரும்புக்குக் கீழே இறங்கிவிடுகிறது.

இந்தக் கம்பிகள் புதிதல்ல. பனி உருக்க உப்புக் கொட்டும் வட அமெரிக்கச் சாலைப் பாலங்களில் 1990களிலிருந்தே இருக்கின்றன. அமெரிக்காவில் இதற்கான முழுமையான கட்டட விதிநூல் 2022இல் வந்தது. உப்பு எஃகை அரிக்கும் இடங்களில் இவற்றின் பயனை மறுக்க முடியாது. வளைவு பற்றிய கவலைக்கு எதிர்வாதமும் வலுவானதே. இந்தக் கம்பியின் விறைப்பு எஃகில் கால் பங்குதான், அதனால் விரிசலைக் கட்டுப்படுத்த எப்படியும் கூடுதல் கம்பி போடுகிறார்கள். அன்றாடப் பயன்பாட்டில் வளைவு அதன் எல்லையை நெருங்குவதே இல்லை என்கிறார்கள் பொறியாளர்கள். சுவரைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் விரியும் மூலையில் முதலில் பிளப்பது கான்கிரீட். சுவரில் கம்பியைக் கூட்டுவதால் அந்தப் பிளவு நிற்காது. அதோடு, விறைப்பு குறைந்த கம்பியின் குறுக்கே விரிசல் அகலமாகத் திறப்பதால், விரிசலின் இரு முகமும் உரசித் தாங்கும் உதவியும் குறைகிறது. முனையில் தலை வைத்த நேர்க்கம்பிகளைப் போட்டால் வளைவே வேண்டாம் என்பது இன்னொரு பதில். அது நல்ல வழிதான், ஆனால் மூலைத் துண்டைப் பிய்க்கும் இழுவிசை அதனால் மறையாது. உள்மூலையில் சாய்வாகக் கான்கிரீட் நிரப்பி, அதில் குறுக்குக் கம்பி வைத்தே அதை அடக்க வேண்டும்.

ஆகவே தொட்டிக்கு இந்தக் கம்பியை வாங்குபவர், வளைவுகளைத் தொழிற்சாலையிலேயே செய்து வாங்க வேண்டும். ரெசின் இறுகியபின் வேலையிடத்தில் சூடுகாட்டி வளைத்தால் ரெசின் கருகி, இழைகள் உடையும். கேட்டு வாங்க வேண்டிய சோதனைச் சான்று வளைவின் வலிமைக்கானது. நேர்க்கம்பியின் சான்றை வைத்து மூலையைக் கணக்கிட முடியாது.