தூரிகை பிடிக்கும் பிஞ்சுக் கைகள்

முதலாமாண்டில் என் டிராயிங் ஷீட்டைத் தூக்கிப் பார்த்த சார், "என்னப்பா இது, கோழி கிளறின மாதிரி லெட்டரிங்! போய்த் திரும்பப் போட்டுட்டு வா" என்றார். நல்ல கையெழுத்து பிறவியிலேயே வரணும், நமக்கு வராது என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன். அதை மாற்றியவள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி.

நான் மாலையில் ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போகிறேன். எங்கள் ஆசிரியை சில வருடம் ஒசாகாவில் குடியிருந்தவர். அங்கே மூன்றாம் வகுப்புப் படித்த தம் மகளின் தூரிகை எழுத்துத் தாள்களை ஒருநாள் கொண்டுவந்து காட்டினார்.

ஜப்பான் தொடக்கப் பள்ளிகளில் தூரிகை எழுத்து தாய்மொழிப் பாடத்தின் ஒரு பகுதி. போருக்குப் பின் 1947-இல் நீக்கப்பட்டு, 1971 முதல் மூன்றாம் வகுப்பிலிருந்து மீண்டும் கட்டாயமானது. ஆண்டுக்குச் சுமார் 30 பாடவேளை. தூரிகை, மை, மைக்கல், தாள் என்ற நான்கும்தான் மூலப்பொருள்கள். புகைக்கரியும் பசையும் சேர்ந்த மைக்கட்டியைக் கல்லில் நீர்விட்டு உரைப்பது பழைய வழக்கம். 45 நிமிட வகுப்பில் அதற்கு ஏது நேரம்? பள்ளியில் பெரும்பாலும் புட்டி மைதான்.

முதல் பாடம் என்ன தெரியுமா? ஒரே ஒரு படுக்கைக் கோடு! அதுவே 'ஒன்று' என்னும் எழுத்து. தூரிகை முனையைச் சாய்வாக வைத்து அழுத்தி நிறுத்து, ஒரே சீராக இழு, மறுபடி அழுத்தி நிறுத்து. "தொன்... சூ... தொன்" என்று ஆசிரியர் தாளம் சொல்லிக் கொடுப்பாராம். அப்புறம் கோட்டை முடிக்கும் வகைகள்: நிறுத்துவது 'தோமே', சுண்டி எடுப்பது 'ஹானே', மெல்லத் தேய்த்து விடுவது 'ஹராய்'. இவை கைக்கு வந்த பிறகுதான் கைகால் விரித்த மனிதன் போல நிற்கும் 'பெரிய' என்ற எழுத்து. அதில் வலப்புறம் இறங்கும் கோடுதான் கஷ்டம். போகப் போக அழுத்தி, ஒரு கணம் நின்று, பிறகு பக்கவாட்டில் இழுத்தபடியே தூரிகையைத் தூக்க வேண்டும்.

எழுதிய கோட்டின் மேல் இன்னொரு முறை தூரிகையை வைக்கக் கூடாது. ரப்பரும் கிடையாது, பிளேடால் சுரண்டுவதும் கிடையாது. தப்பினால் புதுத் தாள்தான்.

அந்தச் சிறுமியின் ஏப்ரல் மாதத் தாளில் கோடு ஊதிப்போய், மை நாலாபக்கமும் கசிந்திருந்தது. இடது ஓரத்தில் சின்னத் தூரிகையால் எழுதிய பெயர் பாதியில் இடமில்லாமல் நசுங்கிக் கிடந்தது. அதன் மேலேயே ஆசிரியர் செம்மையால் சரியான கோட்டைப் போட்டிருந்தார். மார்க் இல்லை, திட்டு இல்லை. எந்த இடத்தில் கை தவறியது என்பது மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அடுத்தடுத்த தாள்களில் செம்மை குறைந்துகொண்டே வந்தது. கல்வியாண்டு முடியும் மார்ச் மாதத் தாளில் கோடுகள் நிமிர்ந்து நின்றன. பெயருக்கும் இடம் இருந்தது. மேலே பூப்போலச் சுழித்த சிவப்பு வட்டம் ஒன்று. 'ஹனாமாரு' என்பார்கள். அங்கே பிள்ளைகளுக்கு அதுதான் பெரிய பரிசு!

எனக்குச் சுருக்கென்றது. சார் திருப்பிக் கொடுத்த ஷீட்டை எல்லாம் கிழித்துப் போட்டேனே தவிர, "எந்த இடத்துல சார் தப்பு?" என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மறுநாள் கேட்டேன். சார் பென்சிலை வாங்கி என் 'எஸ்' மேலேயே ஒரு 'எஸ்' போட்டார். "மேல் வளைவைச் சின்னதாப் போடுப்பா, அவ்வளவுதான்." அந்த ஷீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இப்போதும் என் லெட்டரிங் அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பழைய ஷீட்டையும் புதுசையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரிகிறது.

நண்பர்களே, உங்கள் பழைய ஷீட்டுகளைக் கிழிக்காதீர்கள். தேதி போட்டு வையுங்கள். நாம் எவ்வளவு தூரம் வந்தோம் என்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது!