முதல் முறை குரூஸ் போறீங்களா? பஃபேக்கு முன்னாடி இதை முடிச்சிடுங்க!

விமானப் பயணம் பழகியவர்களையும் சொகுசுக் கப்பலின் முதல் நாள் கொஞ்சம் குழப்பிவிடும்.

பெட்டி எங்கே போச்சு?

பெரிய பெட்டியை டெர்மினலிலேயே வாங்கிக்கொள்வார்கள். அறைக்கு வந்து சேர மாலைகூட ஆகலாம். பாஸ்போர்ட், மாத்திரை, சார்ஜர், மாற்று உடை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். அயர்ன் பாக்ஸ் வேண்டாம்; தீ அபாயம் என்று ஸ்கேனிங்கிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள்.

ஒரே கார்டு

செக்-இன்னில் தரும் கார்டுதான் அறைச் சாவி, பர்ஸ், அடையாள அட்டை எல்லாமே.

போன்?

கப்பல் கிளம்பியதும் ஏர்பிளேன் மோடு போட்டுவிடுங்கள். கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கில் ரோமிங் இணைந்தால் பில் எகிறிவிடும்.

'மஸ்டர் டிரில்' எதுக்கு?

ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும், லைஃப் ஜாக்கெட்டை எப்படிப் போட வேண்டும் என்று சொல்லித்தரும் பயிற்சி இது. ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி: இதுதான் எச்சரிக்கை.

2012 ஜனவரி 13 இரவு, இத்தாலியின் ஜிலியோ தீவருகே 'கோஸ்டா கான்கார்டியா' பாறையில் மோதிக் கவிழ்ந்தது. 32 பேர் பலி. அன்று மாலை சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில் ஏறியவர்களுக்கு அதுவரை பயிற்சியே நடக்கவில்லை. அப்போதைய விதி, 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றது.

2015 ஜனவரி 1 முதல் விதி மாறியது. கப்பல் புறப்படும் முன்போ, புறப்பட்ட உடனேயோ பயிற்சி கட்டாயம்.

பஃபே இரவு வரை இருக்கும். முதலில் உங்கள் அறையிலிருந்து மஸ்டர் ஸ்டேஷனுக்குப் படிக்கட்டு வழியாக ஒருமுறை நடந்து பாருங்கள். அவசரத்தில் லிஃப்டை நம்ப முடியாது.