யாரை யார் விரட்டுவார்?

முதலாம் ஆண்டு செய்முறைத் தேர்வில் பொட்டாசியம் புரோமைடு கரைசலில் அயோடின் கரைசலை ஊத்தினேன். பழுப்பு நிறம் வந்தது. "புரோமின் வெளிப்பட்டது"ன்னு எழுதிட்டேன். மார்க் போச்சு! அந்தப் பழுப்பு, நான் ஊத்தின அயோடினோட சொந்த நிறம்தான்!

நீங்களும் ஏமாற வேண்டாம். ஹாலஜன் தொகுதியில் மேலிருந்து கீழே போகப் போக எலக்ட்ரானைப் பிடுங்கும் வலிமை குறைகிறது. அதற்கு அளவுகோல் திட்ட ஒடுக்க மின்னழுத்தம்: குளோரின் 1.36, புரோமின் 1.07, அயோடின் 0.54 வோல்ட். ஊற்றும் ஹாலஜனின் எண், உப்பில் இருப்பதன் எண்ணை விடப் பெரிதா? வினை நடக்கும். சிறிதா? நடக்காது. அவ்வளவுதான்!

ஃபுளோரினுக்கு 2.87. ஆனால் அதைக் கரைசலில் விட்டால் தண்ணீரையே தாக்கிவிடும். அதனால் இந்தச் சோதனைக்கு ஆகாது.

1826-இல் பிரான்சில் பாலார் என்பவர் புரோமினைக் கண்டறிந்ததும் இதே வழியில்தான். உப்பு எடுத்தபின் மிஞ்சிய நீரில் குளோரினைச் செலுத்தினார். புரோமின் வெளியே வந்தது.

நிறத்தில் சந்தேகமா? கொஞ்சம் ஹெக்சேன் விட்டுக் குலுக்குங்கள். மேலடுக்கு ஊதா என்றால் அயோடின். ஆரஞ்சு என்றால் புரோமின்.

முதலில் எண்ணைப் பாருங்க; அப்புறம் கண்ணை நம்புங்க!