இருபத்தொரு படங்களில் ஒரு கல்வெட்டு

பனமலைக் கோயிலின் பல்லவர் கல்வெட்டைக் கைப்பேசியில் படமெடுத்து வைப்பதால் பயன் உண்டா என்று அனந்தபுரத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்கான விடை 1858-இலேயே தஞ்சாவூரில் கிடைத்துவிட்டது. தந்தவர் லின்னேயஸ் டிரைப், மதராஸ் படையின் கேப்டன்.

இரண்டாம் பர்மியப் போருக்குப் பின், 1855-இல் ஆவா அரசவைக்குச் சென்ற ஆங்கிலத் தூதுக்குழுவோடு போய், ஐராவதிக் கரை ஊர்களையும் பகோடாக்களையும் படமெடுத்தவர் அவர். அடுத்த ஆண்டே மதராஸ் அரசின் புகைப்படக்காரரானார். ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று மாட்டுவண்டிகளில் கருவிகளோடு சுற்றினார்.

அவருடைய நெகட்டிவ் பெரும்பாலும் கண்ணாடியல்ல, மெழுகேற்றிய காகிதம். பலகாரம் மடித்த தாளில் எண்ணெய் ஊறிய இடம் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியுமே, அதுபோல மெழுகு ஏறிய தாள் ஒளியை ஊடுருவ விடும். அச்சிட்ட படத்தில் வானம் வெறும் வெள்ளையாக விழுந்ததால், நெகட்டிவிலேயே தூரிகையால் மேகம் தீட்டினார்.

ஆனால் வியக்கவைப்பது பெரிய கோயில் படம். கோபுரத்தை ஒரு படத்தில் அடக்கிவிட்டு அவர் நகர்ந்துவிடவில்லை. விமானத்தின் அடித்தளத்தில் வரிவரியாக ஓடும் ராஜராஜன் காலக் கல்வெட்டை, கேமராவைச் சுவரோரமாகத் தள்ளித் தள்ளி வைத்து, துண்டு துண்டாக எடுத்தார். 21 படங்களை ஒட்டினார். நீளம் ஏறத்தாழ 19 அடி! அந்தக் கோயில் கல்வெட்டுகளைக் கல்வெட்டு அறிஞர் ஹுல்ஷ் பதிப்பித்து வெளியிடத் தொடங்கியது 1891-இல்தான்.

இத்தனை உழைப்பும் 1859-இல் வந்த ஆளுநர் டிரெவெல்யன் கண்ணுக்கு ஆடம்பரச் செலவாகப் பட்டது. டிரைப்பின் புகைப்படத் துறை மூடப்பட்டது. அவர் மறுபடி படைப்பணிக்கே போனார்.

இன்று எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது. கல்வெட்டின் மேல்தான் சுண்ணாம்பும் பெயின்டும் ஏறுகின்றன. திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சால் எழுத்தைத் தேய்த்த கோயில்களும் உண்டு. தேய்ந்த எழுத்தை எந்த நிதியும் மீட்டுத் தராது.

ஆகவே, அனந்தபுரத்து நண்பரே, தயங்காமல் எடுங்கள். வெயில் சாய்வாக விழும் காலையோ மாலையோ போங்கள். அப்போதுதான் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து துலங்கும். மாவோ சாக்பீஸோ தேய்க்க வேண்டாம். பக்கத்தில் ஓர் அளவுகோல் வையுங்கள். சுவருக்கு நேரே நின்று, ஒரு படத்தின் ஓரம் அடுத்ததிலும் விழும்படி வரிசையாக எடுத்து, எந்தத் திசைச் சுவர், என்ன தேதி என்று குறித்து, ஒரு பிரதியைத் தொல்லியல் துறைக்கு அனுப்பிவையுங்கள்.