180 ஹெர்ட்ஸும் உப்புக்காற்றும்

பத்தாயிரம் ரூபாய்க்குள் நல்ல கேமிங் மானிட்டர் கிடைக்குமா? இடையஞ்சாவடி, குயிலாப்பாளையம், பொம்மையார்பாளையம் என்று புதுச்சேரியை ஒட்டிய ஊர்களில் காலேஜ் படிக்கும் பிள்ளை உள்ள எந்த வீட்டிலும் எழக்கூடிய கேள்வி இது. கிடைக்கும் என்பதே பதில். சில வருடங்களுக்கு முன்பு இந்தப் பணத்துக்கு 60 அல்லது 75 ஹெர்ட்ஸ் மானிட்டர்தான் வரும். இன்று அதே விலையை ஒட்டி 144, 165, 180 என்று அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சடித்து விற்கிறார்கள். அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதுதான் ஆபத்து. அதிலும் வடக்கே மரக்காணம் உப்பளம், கிழக்கே கடல் என்று இருக்கும் இந்தக் கரையோரத்தில், அட்டைப்பெட்டியில் எழுதாத சில விஷயங்களையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும்.

இந்த ஆசை பிள்ளைகளுக்குக் கையிலிருக்கும் போனிலிருந்து வந்தது. பதினைந்தாயிரம் ரூபாய் போனிலேயே 120 ஹெர்ட்ஸ் திரை வந்துவிட்டது. பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் தடைசெய்யப்பட்டது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது, 2022 ஜூலையில் மறுபடி முடங்கியது, 2023 மே மாதம்தான் திரும்பியது. இந்த இழுபறியில் கம்ப்யூட்டர் பக்கம் நகர்ந்தவர்கள் பலர். 2020 ஜூனில் வெளிவந்த வேலரன்ட் இலவசம், சாதாரண கம்ப்யூட்டரிலும் ஓடும். போனில் வழுவழுப்பாக நகரும் திரையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் முன்னால் உட்கார்ந்ததும் ஏதோ தடுக்குகிற மாதிரி தெரியும். பிள்ளை கற்பனையாகக் குறை சொல்லவில்லை.

இரண்டாயிரங்களில் பிரவுசிங் சென்டரில் கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடியவர்களுக்கு இன்னொன்று நினைவிருக்கும். அந்தக் கனத்த பழைய டியூப் மானிட்டர்களில் பல 75, 85 ஹெர்ட்ஸில் ஓடின. தட்டைத் திரை வந்தபோது மேசையில் இடம் மிச்சமானது, வேகம் 60-க்கு இறங்கியது. 120 ஹெர்ட்ஸ் தட்டைத் திரை மானிட்டர்களை 2009-இல்தான் சாம்சங்கும் வியூசானிக்கும் கடைக்குக் கொண்டுவந்தன. அன்று அது பணக்காரர் பொருள். இன்று நம் பிள்ளைகள் கேட்கிற நிலைக்கு இறங்கி வந்திருப்பது எனக்கு மனநிறைவு தருகிற சங்கதி.

சரி, எத்தனை ஹெர்ட்ஸ் போதும்? திரை ஒரு நொடியில் எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற கணக்குதான் ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லிநொடி நிற்கும். 144-இல் 6.9, 180-இல் 5.6, 240-இல் 4.2. கழித்துப் பாருங்கள். 60-லிருந்து 144-க்கு ஏறினால் ஒவ்வொரு படத்துக்கும் ஏறக்குறைய 10 மில்லிநொடி மிச்சம். 144-லிருந்து 180-க்கு ஏறினால் மிச்சம் 1.4 மட்டுமே. 180-லிருந்து 240-க்கும் அதே 1.4. கண்ணுக்குத் தெரியும் மங்கலும் இப்படித்தான். நொடிக்கு 960 பிக்சல் நகரும் உருவத்தைக் கண் தொடர்ந்து போனால், 60 ஹெர்ட்ஸில் அது 16 பிக்சல் அகலத்துக்கு இழுபடும். 144-இல் ஏழுக்கும் கீழே. பெரிய லாபம் முழுக்க முதல் படியிலேயே கிடைத்துவிடுகிறது. அதனால் 144-ஐத் தாண்டிய எண்ணுக்காகக் கூடுதலாக ஆயிரம் ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அதே விலைக்கு 180 வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

மானிட்டர் 144 முறை புதுப்பிக்கத் தயாராக இருந்தாலும், கம்ப்யூட்டர் அத்தனை படங்களை உருவாக்கித் தர வேண்டுமே! இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். வேலரன்ட் வெளிவந்தபோது நொடிக்கு 144 ஃபிரேம் வேண்டுமானால் ஐ5 ரகப் பிராசஸரும் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டும் வேண்டும் என்று அதைத் தயாரித்த ரயட் நிறுவனமே சொன்னது. பெரிய கதை விளையாட்டுகளுக்கு அதெல்லாம் போதாது. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினி இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அதைப் புது மானிட்டரில் செருகிவிட்டால் கேமிங் செட்டப் ஆகிவிடும் என்று நம்புபவர்கள் உண்டு. படம் வரும், படிக்கவும் நிரல் எழுதவும் நன்றாக உதவும். 144 ஃபிரேம் வராது. உங்கள் கம்ப்யூட்டர் இப்போது 60 ஃபிரேமைத் தொடவே மூச்சுவாங்குகிறது என்றால், ஏழெட்டாயிரத்தில் ஒரு 100 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்குங்கள். மிச்சப் பணத்தை ராமுக்கும் எஸ்எஸ்டிக்கும் வையுங்கள்.

ஃபிரேம் ஏறி இறங்கும்போது படம் குறுக்கே கிழிந்தது போலத் தெரிவதைத் தடுக்க அடாப்டிவ் சிங்க் என்ற வசதி வேண்டும். ஏஎம்டி இதை ஃப்ரீசிங்க் என்கிறது, என்விடியா ஜி-சிங்க் என்கிறது. ஒரு காலத்தில் என்விடியா கார்டு வைத்திருப்பவர் அதற்கென்றே தனி விலை கொடுத்து மானிட்டர் வாங்க வேண்டியிருந்தது. 2019 ஜனவரியில் மலிவான ஃப்ரீசிங்க் மானிட்டர்களுக்கும் என்விடியா கதவைத் திறந்துவிட்டது. பட்ஜெட் மானிட்டர் வாங்குபவர்களுக்கு நடந்த பெரிய நல்லது இதுதான்.

பேனல் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐபிஎஸ் வாங்குங்கள். விஏ பேனலில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், ஆனால் மலிவு ரகங்களில் இருட்டுக் காட்சி நகரும்போது பின்னால் கரி தீற்றியது போல வால் பிடிக்கும். ‘1 மில்லிநொடி’ என்று எல்லாப் பெட்டியிலும் எழுதியிருக்கும். அதற்குப் பக்கத்தில் எம்பிஆர்டி என்று சின்ன எழுத்தில் இருந்தால், பின்விளக்கை அணைத்து அணைத்து எரியவிட்டு எடுத்த கணக்கு அது. பிக்சல் நிறம் மாறும் வேகம் வேறு. ஹெச்டிஆர் என்ற சொல்லையும் இந்த விலையில் பொருட்படுத்த வேண்டாம். 250 நிட்ஸ் வெளிச்சம் தரும் திரை ஹெச்டிஆர் சிக்னலை வாங்கிக்கொள்ளும், அந்த ஒளியைக் காட்டாது. ஃபுல் ஹெச்டி என்றால் 24 அங்குலத்தோடு நிறுத்துங்கள். 27 அங்குலத்தில் அதே பிக்சல்கள் பரவி எழுத்து சொரசொரப்பாகத் தெரியும்.

உப்பும் கரன்ட்டும்

சென்னையில் உட்கார்ந்து எழுதப்படும் மானிட்டர் பரிந்துரைகளில் வராத பகுதி இது. மரக்காணத்தில் உப்பு வாருகிறவர்களுக்கு ஈரக்காற்று என்ன செய்யும் என்று தெரியும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடற்காற்றில் வரும் நுண்ணிய உப்புத்துகள் மானிட்டரின் காற்றுத் துளைகள் வழியாக உள்ளே போய்ச் சர்க்யூட் போர்டில் படிகிறது. இரவிலும் விடியலிலும் ஈரம் ஏறும்போது அது மின்சாரம் கடத்தும் உப்புநீர்ப் படலமாகிறது. செம்பு பச்சை பூப்பதும் ஈயப்பற்று அரிபடுவதும் இதனால்தான். கேபிள் செருகும் வாய்களுக்கும் இதே கதி.

இதற்குச் செலவில்லாத வழிகள் உண்டு. கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேராக மானிட்டரை வைக்காதீர்கள். தினமும் ஓடும் கருவி உள்ளே வெதுவெதுப்பாக இருப்பதால் ஈரம் தங்குவது குறைவு. மாதக்கணக்கில் மூடி வைத்ததுதான் சீக்கிரம் கெடும். விளையாடி முடித்துச் சூடு ஆறிய பிறகு பருத்தித் துணியால் மூடுங்கள். திரையைத் துடைக்கக் கண்ணாடி துடைக்கும் திரவம் கூடாது, உலர்ந்த மெல்லிய துணி போதும். பயன்படுத்தாத வாய்களுக்கு ரப்பர் மூடி போடுவது நல்லது.

அடுத்தது கரன்ட். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், பல ஊர்களில் மின்சாரம் திரும்ப நாளானதையும் இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பெரும் புயல் வேண்டாம், ஐப்பசி, கார்த்திகை இடியே போதும். ‘மானிட்டருக்கு ஸ்டெபிலைசர் வாங்குங்கள்’ என்று கடையில் சொல்வார்கள். மானிட்டரின் பின்புறத்தையோ அடாப்டரையோ பாருங்கள். 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால் ஸ்டெபிலைசர் தேவையில்லை, குறைந்த வோல்டேஜை அது தாங்கும். கருவியைக் கொல்வது கரன்ட் போய்த் திரும்பும்போதும் மின்னலின்போதும் வரும் திடீர் ஏற்றம். அதற்குத் தேவை சர்ஜ் பாதுகாப்புள்ள பவர் ஸ்ட்ரிப்பும், அதைவிட முக்கியமாக ஒழுங்கான எர்த்தும். எர்த் இல்லாத வீட்டில் ஆயிரம் ரூபாய் ஸ்ட்ரிப்பும் பாதி வேலைதான் செய்யும். இடி இடித்தால் பவர் பிளக்கோடு இன்டர்நெட் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள், அந்த வழியாகவும் வரும். இரண்டு மானிட்டர் ஒரே விலையில் இருந்தால் அடாப்டர் வெளியே தனியாக உள்ளதை எடுங்கள். அடாப்டர் போனால் அதை மட்டும் மாற்றலாம். பவர் போர்டு உள்ளே இருந்தால் மானிட்டரையே பிரிக்க வேண்டும்.

கரன்ட் பில் பற்றிப் பயப்படும் பெற்றோருக்கு ஒரு கணக்கு. 24 அங்குல மானிட்டர் சுமார் 25 வாட் இழுக்கும். தினம் நான்கு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 6 யூனிட். கிராபிக்ஸ் கார்டுள்ள கம்ப்யூட்டர் விளையாடும்போது 250 வாட் இழுத்தால் அதே கணக்கில் 60 யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் பெறும் வீட்டில் அதில் பாதிக்கு மேல் இதிலேயே போய்விடும்.

எங்கே வாங்குவது

இடையஞ்சாவடிக்கு விழுப்புரத்தைவிடப் புதுச்சேரிதான் பக்கம். டிவியும் ஃபிரிட்ஜும் அங்கே போய் வாங்குவது விழுப்புரம், கடலூர் மாவட்டத்தாரின் பழைய வழக்கம், அன்று வரி குறைவு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு அந்த வித்தியாசம் இல்லை. 32 அங்குலம் வரையிலான மானிட்டருக்கு 2019 ஜனவரி முதல் எங்கு வாங்கினாலும் 18 விழுக்காடு. 2025 செப்டம்பர் 22 அன்று வரி குறைந்தது அதைவிடப் பெரிய திரைகளுக்குத்தான். ‘ஜிஎஸ்டி குறைப்புச் சலுகை’ என்று 24 அங்குல மானிட்டருக்கு யாராவது பலகை வைத்தால் நம்ப வேண்டாம். பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்றால் அந்த இடத்தைவிட்டு வந்துவிடுங்கள். பில்தான் உங்கள் வாரன்ட்டி.

பின்புற ஸ்டிக்கரில் பிஐஎஸ் என்ற அரசுத் தர முத்திரையும் ஆர் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனத்துக்குப் பதிவானது என்று காட்டும். கேள்விப்படாத பிராண்டாக இருந்தால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். சர்வீஸ் ஆள் உங்கள் பின்கோடுக்கு வீட்டுக்கே வருவாரா, இல்லை மானிட்டரைச் சென்னைக்குச் சுமக்க வேண்டுமா, எத்தனை பிக்சல் செத்தால் மாற்றித் தருவார்கள் என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால் 180 ஹெர்ட்ஸைவிட, பக்கத்திலேயே சர்வீஸ் உள்ள மூன்று வருட வாரன்ட்டி பெரிது. ஆன்லைனில் வாங்கினால் பெட்டி பிரிப்பதை முழுக்க வீடியோ எடுங்கள். தகராறு என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளைப் புதுச்சேரியிலோ ஆன்லைனிலோ வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது விழுப்புரத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை ஆடுவது பணம் கட்டும் ஆட்டமா என்று பாருங்கள். நாடாளுமன்றம் 2025 ஆகஸ்ட்டில் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்கிறது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டாக ஏற்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுத் திட்டினால் பிள்ளை உங்களிடம் பேசுவதை நிறுத்திவிடும்.

கடைசியாக, ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்களுக்கு. பெட்டியோடு வரும் கேபிளையே பயன்படுத்துங்கள், கார்டில் டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் அதில் செருகுங்கள். பழைய ஹெச்டிஎம்ஐ 1.4 வழியாக ஃபுல் ஹெச்டியில் பெரும்பாலும் 120 ஹெர்ட்ஸைத் தாண்டாது. கேபிளை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். புது மானிட்டரை மாட்டும்போது விண்டோஸ் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸிலேயே வைத்துவிடும், தானாக மாற்றாது. செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அதில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் நீங்கள்தான் 144 அல்லது 180-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்றைக்கே ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.