இலவச 100 யூனிட்டில் 89 இகுவானாவுக்கு

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். பட்டாசுத் தொழில் ஊரான தாயில்பட்டியில் ஒரு வீட்டில் பச்சை இகுவானா என்னும் பெரிய பல்லியை வளர்த்தால், அதன் விளக்குகளே 89 யூனிட்டை இழுத்துவிடும்.

60 நாள் கணக்கு (தினம் 12 மணி நேரம்):
• யுவிபி (புற ஊதா பி) குழல்விளக்கு, 24 வாட்: 17.3 யூனிட்
• சூட்டு பல்பு, 100 வாட்: 72 யூனிட்
• மொத்தம்: 89.3 யூனிட்

இரண்டும் வேறு வேறு வேலைக்கு. தின்ற இலை செரிக்க, காயும் இடத்தில் 35 முதல் 38 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அது பல்பின் வேலை. யுவிபி ஒளி பட்டால்தான் தோலில் வைட்டமின் டி3 உருவாகும். அது இல்லாவிட்டால் எவ்வளவு கால்சியம் தின்றாலும் எலும்பில் சேராது. தாடை மெத்தென்று ஆகும், கால் வீங்கும், உடம்பு நடுங்கும். குழல்விளக்கு 25 முதல் 30 செ.மீ. உயரத்தில், இடையில் கண்ணாடி இல்லாமல் இருக்க வேண்டும். வெளிச்சம் குறையாவிட்டாலும் யுவிபி 6 முதல் 12 மாதத்தில் தேய்ந்துவிடும். ஆண்டுக்கு ஒன்று மாற்றினாலும், 15 ஆண்டு ஆயுளுக்கு 15 குழல்கள்.

இந்தச் செலவைக் குறைக்க ஊரிலேயே வழி உண்டு. தாயில்பட்டி இருப்பது வட அட்சம் 9 பாகையில். இகுவானாவின் சொந்த நாடுகளில் ஒன்றான பனாமாவும் ஏறக்குறைய அதே அட்சத்தில்தான். பட்டாசு மருந்தைக் காயவைக்கும் வெயில் இதற்கும் போதும். காலை 9 மணியை ஒட்டி, பாதி நிழல் உள்ள கம்பிவலைக் கூண்டில் அரை மணி நேரம் விடலாம். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் வெந்துவிடும். கோடையில் பல்பை 4 மணி நேரமாகக் குறைத்தால் 24 யூனிட், மொத்தம் 41.3. மிச்சம் 48 யூனிட். ஐப்பசி, கார்த்திகை மழை மூட்டத்தில் முழுக்கணக்குத்தான். பட்டாசுக் கட்டு அடுக்கிய அறையில் சூட்டு பல்பு வேண்டவே வேண்டாம்.

பட்டாசுத் தொழிலுக்குத் தோதான வறண்ட காற்று இகுவானாவுக்கு ஆகாது. அதற்கு 70 சதவீத ஈரப்பதம் தேவை. தினம் இரண்டு முறை தண்ணீர் தெளித்து, முங்கும் அளவு தொட்டியும் வைக்க வேண்டும்.

தீனியில் 85 சதவீதம் கீரை, 10 காய், 5 பழம். கால்சியம் பாஸ்பரஸைப்போல இரு மடங்காவது இருக்க வேண்டும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி 100 கிராமில் கால்சியமும் பாஸ்பரஸும் (மில்லிகிராம்):
• அகத்திக்கீரை: 1130, 80
• முருங்கைக்கீரை: 440, 70
• வாழைப்பழம்: 17, 36

முதல் இரண்டும் வீட்டுக் கொல்லையிலேயே கிடைக்கும். வாழைப்பழத்தில் கணக்கு தலைகீழ்; ருசிக்கு ஒரு துண்டு போதும். பாலக்கில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போடும், அதனால் எப்போதாவதுதான். ஓணான் பூச்சி தின்னும். இகுவானாவுக்கு அது கூடாது. முட்டையும் இறைச்சியும் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சட்டச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இகுவானா இருக்கிறது. 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி, இத்தகைய உயிரினத்தை வளர்ப்பவர் ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். உடும்பை வளர்க்கவே கூடாது; அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது.

வெயிலும் கீரையும் இந்த ஊரில் மலிவு. ஒன்றரை மீட்டருக்கு மேல் வளரும் பிராணிக்கு ஆளுயரக் கூண்டும், 15 ஆண்டு தினசரி வேலையும் மலிவல்ல. அதற்கு ஆள் இல்லாத வீட்டில் குட்டியை வாங்காதீர்கள்.