இல்லாத எதிர்ப்பாற்றல், எல்லை மீறிய எதிர்ப்பாற்றல்

மனித ரத்தத்தில் ஓடும் அணுக்கள் அனைத்துக்கும் மூலம், எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ரத்த ஸ்டெம் செல்கள். பல ஆயிரம் மஜ்ஜை அணுக்களுக்கு ஒன்று என்ற அளவில்தான் இவை இருக்கின்றன. ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணு, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு, கிருமியை விழுங்கும் நியூட்ரோஃபில், கிருமியை இனம்கண்டு நினைவில் வைத்துக்கொள்ளும் டி செல், பி செல் எல்லாமே இவற்றின் வழிவந்தவை. இதற்கு முதல் ஆதாரம் 1961-இல் டொராண்டோவில் கிடைத்தது. கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த எலிகளுக்கு வேறு எலிகளின் மஜ்ஜையை ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் இருவரும் ஏற்றிப் பார்த்தார்கள். சில நாள்களில் எலிகளின் மண்ணீரலில் சிறு சிறு முடிச்சுகள் தோன்றின. ஒவ்வொரு முடிச்சும் ஒரே அணுவிலிருந்து பெருகியது என்பது அடுத்த இரண்டு ஆண்டுகளில் உறுதியானது.

எதிர்ப்பாற்றல் முழுவதும் இந்த அணுக்களிலிருந்து பிறக்கிறது என்றால், இவற்றை மாற்றி எதிர்ப்பாற்றலையே மாற்றிவிடலாம். இந்த எண்ணம் நேரெதிரான இரண்டு நோய்களில் பயன்பட்டிருக்கிறது. ஒன்றில் எதிர்ப்பாற்றலே இல்லை. மற்றொன்றில் எதிர்ப்பாற்றல் எல்லை மீறிச் சொந்த உடலையே தாக்குகிறது.

முதல் வகையில் மிகக் கொடியது, மருத்துவர்கள் ‘ஸ்கிட்’ என்று சுருக்கமாகச் சொல்லும் கடுமையான கூட்டு எதிர்ப்பாற்றல் குறைபாடு. மரபணுப் பிழையால் டி செல்கள் உருவாவதே இல்லை. பி செல்கள் இருந்தாலும், டி செல்களின் துணையின்றி அவை வேலை செய்வதில்லை. குழந்தை பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். தாயின் ரத்தத்திலிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் சில மாதங்களுக்குத் துணை நிற்கும். அவை வடியத் தொடங்கியதும் வாயில் எவ்வளவு துடைத்தாலும் போகாத வெண்படலம், நிற்காத வயிற்றுப்போக்கு, மாறி மாறி வரும் நிமோனியா, ஏறாத எடை என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். சிகிச்சை இல்லையென்றால் பெரும்பாலான குழந்தைகள் முதல் பிறந்தநாளைத் தாண்டுவதில்லை.

இந்தியாவில் இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிறந்த சில நாள்களிலேயே போடப்படும் பி.சி.ஜி. தடுப்பூசியில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட, ஆனால் உயிருள்ள கிருமி. மற்றக் குழந்தைகளுக்கு அது பாதுகாப்பு. ஸ்கிட் குழந்தைக்கோ ஊசி போட்ட இடம் புண்ணாகி, அக்குள் நெறிகட்டி, கிருமி உடலெங்கும் பரவிவிடும். நோயைக் கண்டுபிடிப்பதற்கான முதல் தடயம் பெரும்பாலும் சாதாரண ரத்தப் பரிசோதனைத் தாளிலேயே இருக்கும். பச்சிளம் குழந்தைக்கு, டி செல், பி செல் முதலானவை அடங்கிய லிம்ஃபோசைட் எண்ணிக்கை பெரியவர்களைவிட மிக அதிகமாக இருக்க வேண்டும். பெரியவர்களுக்குச் சரியான எண்ணிக்கை குழந்தையின் தாளில் இருந்தால், அது ஆபத்தின் அறிகுறி. மார்பு எக்ஸ்ரேயில் இதயத்துக்கு மேலே தெரிய வேண்டிய தைமஸ் சுரப்பியின் நிழலும் இருக்காது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கண் இருந்தால் தாலுகா மருத்துவமனையிலேயே சந்தேகம் எழுந்துவிடும்.

ஸ்கிட் குழந்தைகள்தாம் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையின் முதல் வெற்றிக்கு வழிகாட்டினார்கள். அமெரிக்காவில் டோனல் தாமஸ் 1957-இல் வெளியிட்ட முதல் முயற்சிகள் நீடிக்கவில்லை. ஏற்றிய மஜ்ஜையை நோயாளியின் உடல் நிராகரித்தது. இல்லையேல் ஏற்றிய மஜ்ஜையில் இருந்த டி செல்கள் நோயாளியின் தோல், குடல், கல்லீரலைத் தாக்கின. இந்த இரண்டாவது சிக்கலுக்கு ‘கொடை எதிர் உடல் நோய்’ என்று பெயர். கொடையாளிக்கும் பெறுபவருக்கும் அணுக்களின் மேற்பரப்பில் உள்ள ஹெச்.எல்.ஏ. அடையாளங்கள் பொருந்த வேண்டும் என்பது 1960-களில்தான் தெளிவானது. ஸ்கிட் குழந்தையிடம் நிராகரிக்கும் ஆற்றலே இல்லை. எனவே மஜ்ஜையை ஒழித்துக்கட்டும் கடுமையான மருந்துகள்கூடத் தேவைப்படாமல் போகலாம்.

1968-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் குட் தலைமையிலான குழு, ஐந்து மாத ஆண் குழந்தை ஒன்றுக்கு அதன் அக்காவின் மஜ்ஜையை ஏற்றியது. அந்தக் குடும்பத்தில் ஏற்கெனவே பல ஆண் குழந்தைகள் தொற்றுநோய்க்குப் பலியாகியிருந்தார்கள். எதிர்ப்பாற்றல் துளிர்த்தது. ஆனால் இருவரின் ரத்த வகைகளும் வேறு வேறாக இருந்ததால், ஏறிய அணுக்கள் குழந்தையின் ரத்த உற்பத்தியையே குலைத்துவிட்டன. அதே அக்காவிடமிருந்து இரண்டாம் முறையும் மஜ்ஜை எடுத்து ஏற்றினார்கள். குழந்தை பிழைத்து வளர்ந்து ஆளானது. அதன் ரத்த வகையும் அக்காவின் வகைக்கே மாறிவிட்டது. அதே ஆண்டு, விஸ்காட்–ஆல்ட்ரிச் என்னும் மற்றொரு பிறவிக் குறைபாட்டுக்கும் விஸ்கான்சினில் மஜ்ஜை ஏற்றப்பட்டது.

உடன்பிறந்த ஒருவரின் ஹெச்.எல்.ஏ. முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நாலில் ஒன்றுதான். பொருத்தமான உடன்பிறப்பு இல்லாத குழந்தைகளுக்கு அடுத்த பத்தாண்டுக்கு மேல் நம்பகமான வழி பிறக்கவில்லை. 1971-இல் ஹூஸ்டனில் பிறந்த ஒரு சிறுவன் கிருமி நீக்கிய பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்ளேயே பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தது உலகறிந்த செய்தி. முழுப் பொருத்தம் இல்லாத அக்காவின் மஜ்ஜையை, அதிலிருந்த டி செல்களை நீக்கிவிட்டு, 1983-இல் அவனுக்கு ஏற்றினார்கள். அக்காவிடம் எந்தத் தொல்லையும் தராமல் உறங்கிக் கிடந்த எப்ஸ்டைன்–பார் வைரஸ் மஜ்ஜையோடு சேர்ந்து அவன் உடலுக்குள் போய்ப் புற்றுநோயை உண்டாக்கியது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அவன் இறந்தான். டி செல்களை நீக்கும் அந்த முறையே பின்னர் டியூக் பல்கலைக்கழகத்தில் ரெபெக்கா பக்லியின் கையில் நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைக் காப்பாற்றியது. கொடையாளி பெரும்பாலும் தாய் அல்லது தந்தை.

வட அமெரிக்க மையங்களில் 2000 முதல் 2009 வரை சிகிச்சை பெற்ற 240 ஸ்கிட் குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2014-இல் வெளிவந்தது. மூன்றரை மாத வயதுக்குள் மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களில் 94 சதவீதம் பேர் ஐந்து ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். அந்த வயதைத் தாண்டி, தொற்று உடலில் இருக்கும்போதே சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேர்தான் பிழைத்தார்கள். கொடையாளி யார், எந்த மருந்து என்ற கேள்விகளையெல்லாம் வயதும் தொற்றும் பின்னுக்குத் தள்ளிவிட்டன. ஐம்பது ஆண்டு ஆராய்ச்சியில் மிகுந்த பயன் தந்தது எது என்று கேட்டால், புதிய மருந்து எதையும்விட, குதிகாலில் குத்தி அட்டையில் ஒற்றி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தம் என்றுதான் சொல்ல வேண்டும். தைமஸில் டி செல் உருவாகும்போது வெட்டி ஒதுக்கப்படும் டி.என்.ஏ. துண்டு வட்டமாகச் சுருண்டு அணுவுக்குள்ளேயே தங்கிவிடும். ரத்தச் சொட்டில் அந்த வட்டங்கள் இல்லையென்றால் டி செல் உற்பத்தி இல்லை என்று பொருள். 2008-இல் விஸ்கான்சினில் தொடங்கிய இந்தச் சோதனை 2018-க்குள் அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களுக்கும் பரவியது. ஏறத்தாழ 58,000 குழந்தைகளில் ஒருவருக்கு ஸ்கிட் என்ற கணக்கும் இந்தச் சோதனையால்தான் தெரிய வந்தது. இந்தியாவில் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தச் சோதனை செய்யும் தேசியத் திட்டம் இல்லை. ஸ்கிட் வகைகளில் பலவும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழையான மரபணு வந்தால்தான் தோன்றும். தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்திலேயே பெண் கொடுத்து எடுக்கும் குடும்பங்களில் அந்த வாய்ப்பு கூடும்.

மாற்றுச் சிகிச்சை என்றதும் பலர் அறுவை சிகிச்சையை நினைத்துக்கொள்கிறார்கள். நோயாளிக்குக் கத்தி படுவதே இல்லை. கொடையாளிக்கு மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பின் பின்பக்கத்தில் ஊசியால் மஜ்ஜை உறிஞ்சப்படும். அல்லது சில நாள்கள் ஊசி போட்டு ஸ்டெம் செல்களை ரத்த ஓட்டத்துக்குள் வரவழைத்து, கையிலிருந்து ரத்தத்தை இயந்திரத்துக்குள் செலுத்திப் பிரித்தெடுப்பார்கள். சேர்ந்ததெல்லாம் ஒரு பையளவுதான். ரத்தம் ஏற்றுவதுபோல் அது சொட்டுச் சொட்டாக ரத்தக்குழாயில் இறங்கும். மஜ்ஜைக்குப் போகும் வழியை அணுக்களே கண்டுபிடித்துக்கொள்ளும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் நியூட்ரோஃபில் எண்ணிக்கை ஏறத் தொடங்கும். அதுவரை நோயாளி வடிகட்டிய காற்றுள்ள தனி அறையில் இருக்க வேண்டும். டி செல்கள் தைமஸில் பக்குவப்பட்டு வெளிவரப் பல மாதங்கள் ஆகும்.

இந்தியாவில் முதல் மஜ்ஜை மாற்றம் 1983-இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் நடந்தது. வேலூர் சி.எம்.சி.யில் 1986-இல் தொடங்கியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தாத்ரி என்னும் கொடையாளர் பதிவகம் 2009 முதல் இயங்குகிறது. பதிவகத்திலும் ஆள் கிடைக்காத குடும்பங்களுக்கு அண்மைக் காலத்தில் பெரிய திருப்பமாக அமைந்தது, பாதிப் பொருத்தமுள்ள பெற்றோரே கொடையாளியாகும் முறை. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு வகுத்த இந்த முறையில், அணுக்களை ஏற்றிய மூன்றாம், நான்காம் நாள்களில் சைக்ளோபாஸ்பமைடு என்னும் பழைய, விலை குறைந்த மருந்தை அதிக அளவில் கொடுக்கிறார்கள். புது உடலைப் பகையாகக் கண்டு வேகமாகப் பெருகத் தொடங்கிய டி செல்கள் மட்டும் அதில் மடிகின்றன. ஸ்டெம் செல்களிடம் அந்த மருந்தைச் செயலிழக்கச் செய்யும் நொதி இருப்பதால் அவை தப்பித்துக்கொள்கின்றன. விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை என்பதால் இந்தியா போன்ற நாடுகளுக்கு இது நன்றாகவே ஒத்துவந்தது.

கொடையாளியே வேண்டாம், குழந்தையின் சொந்த ஸ்டெம் செல்லில் சரியான மரபணுவைச் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கலாம் என்ற முயற்சி ஒன்று பாரிஸ் நெக்கர் மருத்துவமனையில் 1999-இல் தொடங்கியது. அலென் ஃபிஷர், மரினா கவஸானா குழுவின் குழந்தைகள் தேறினார்கள். ஆனால் மரபணுவைச் சுமந்து சென்ற வைரஸ், புற்றுநோயைத் தூண்டும் மரபணுவுக்கு அருகில் போய் உட்கார்ந்ததால் சிலருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. பிறகு வந்த ஆய்வுகள் பாதுகாப்பான லென்டிவைரஸ் வகைக்கு மாறிவிட்டன.

தொப்புள்கொடி ரத்தத்தைக் கட்டணம் வாங்கிச் சேமித்துத் தரும் நிறுவனங்களின் விளம்பரங்கள் சொல்லாமல் விடும் செய்தி ஒன்றும் உண்டு. பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் குறைபாடுள்ள குழந்தைக்கு அதன் சொந்தத் தொப்புள்கொடி ரத்தம் அப்படியே பயன்படாது. அதே மரபணுப் பிழை அதிலும் இருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இந்த வணிகச் சேமிப்பைப் பரிந்துரைக்கவில்லை.

இரண்டாவது வகை நோய்களில் நிலைமை தலைகீழ். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் எதிர்ப்பு அணுக்கள் நரம்புகளின் மேலுறையை அரிக்கின்றன. சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸில் தோல் தடித்து இறுகி, நுரையீரலும் கெட்டிப்படுகிறது. ரத்தநோய்க்காக மஜ்ஜை மாற்றிக்கொண்ட சிலருக்கு, அவர்களிடம் ஏற்கெனவே இருந்த முடக்குவாதமும் தோல்நோயும் அடங்கிப்போனதை மருத்துவர்கள் கவனித்தார்கள். எலிகளிலும் இதே பலன் கிடைத்தது. 1995-இல் கிரேக்க நாட்டின் தெசலோனிகி நகரில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளுக்கு இந்தச் சிகிச்சை தொடங்கியது.

இங்கே பெரும்பாலும் வேறு கொடையாளி கிடையாது. நோயாளியின் ஸ்டெம் செல்களையே எடுத்து உறைநிலையில் வைத்துவிட்டு, கீமோ மருந்துகளாலும் எதிர்ப்பொருள் மருந்துகளாலும் பழைய எதிர்ப்பு அணுக்களைத் துடைத்து எடுக்கிறார்கள். பிறகு சேமித்த அணுக்கள் திரும்பி வருகின்றன. களை மண்டிய வயலை உழுது போட்டு, பத்திரப்படுத்திய விதைநெல்லைத் தெளிப்பது போன்ற வேலை இது. நோயைத் தீர்ப்பது கீமோதான். ஸ்டெம் செல்கள் அந்த அழிவிலிருந்து உடலை மீட்கின்றன. ‘ஸ்டெம் செல் ஊசி’ என்று விளம்பரம் செய்து மூட்டுவலி முதல் ஆட்டிசம் வரை காசு பறிக்கும் இடங்களில் இந்த வேறுபாட்டை யாரும் சொல்வதில்லை. ரத்தநோய், எதிர்ப்பாற்றல் நோய் முதலான அங்கீகரிக்கப்பட்ட காரணங்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்றம் தவிர மற்றவையெல்லாம் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளன என்று 2017-இல் வெளியான இந்திய வழிகாட்டு நெறிகள் வரையறுக்கின்றன.

பலன் எவ்வளவு, விலை என்ன என்பதை மூன்று ஆய்வுகள் காட்டின. ஐரோப்பாவில் சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகள் 156 பேரிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களில் பத்தில் ஒருவர் முதல் ஆண்டிலேயே சிகிச்சையின் காரணமாக இறந்தார். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, பிழைத்திருப்பவர்கள் அந்தப் பிரிவில்தான் அதிகம் இருந்தார்கள். 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 54 மாதங்களுக்குப் பிறகு உறுப்புச் செயலிழப்பின்றி உயிரோடு இருந்தவர்கள் மாற்றுச் சிகிச்சைப் பிரிவில் 79 சதவீதம். வழக்கமான மருந்துப் பிரிவில் 50 சதவீதம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகள் 110 பேரை இரண்டு பிரிவாக்கிச் செய்த ஆய்வு 2019-இல் வந்தது. மருந்துப் பிரிவில் 34 பேருக்கும், மாற்றுப் பிரிவில் மூவருக்கும் நோய் முற்றியது. யாரும் இறக்கவில்லை. நோயின் தொடக்கக் காலத்தில், வீக்கம் கொழுந்துவிட்டிருக்கும் நிலையில் இருப்பவர்களுக்கே பலன் அதிகம். பல ஆண்டுகளாக நரம்பு தேய்ந்து, சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டவர்களுக்கு அழிந்த நரம்பை இது மீட்டுத் தருவதில்லை. கருவுறும் திறன் பாதிக்கப்படலாம் என்பதால் சிகிச்சைக்கு முன்பே விந்தணுவையோ கருமுட்டையையோ சேமித்து வைக்கச் சொல்கிறார்கள். பழைய தடுப்பூசிகளின் நினைவும் பெருமளவு அழிந்துபோகும். ஆகவே பெரியவர்களும் குழந்தைகளைப்போல் தடுப்பூசி அட்டவணையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

இரு வகையிலும் இப்போது ஆராய்ச்சி குறிவைப்பது அந்தக் கீமோவைத்தான். ஸ்டான்ஃபோர்டில், மஜ்ஜையில் பழைய ஸ்டெம் செல்களை மட்டும் தேடிப்பிடித்து வெளியேற்றும் எதிர்ப்பொருள் ஒன்றை ஸ்கிட் நோயாளிகளிடம் சோதித்திருக்கிறார்கள். ஜெர்மனியின் எர்லாங்கனில் கெயோர்க் ஷெட் குழு, இரண்டாவது வகையைச் சேர்ந்த லூபஸ் என்னும் நோய் கடுமையாக இருந்தவர்களின் டி செல்களை ஆய்வகத்தில் மாற்றியமைத்து, பி செல்களை மட்டும் அழிக்கும்படி திருப்பி ஏற்றியது. 2022-இல் அவர்கள் வெளியிட்ட ஐந்து நோயாளிகளின் விவரத்தில், ஐவரும் பிற மருந்துகள் இன்றி நோய் அடங்கிய நிலையை எட்டியிருந்தார்கள். அவர்கள் உடலில் மீண்டும் முளைத்த பி செல்கள் நோயைத் தூண்டாத, புதிதாய்ப் பிறந்த அணுக்கள். அவற்றை உருவாக்கித் தந்தவை அவர்களுடைய மஜ்ஜையில் சேதமின்றி இருந்த சொந்த ஸ்டெம் செல்களே.